எண்ணாமல் எழுதிய பதினாறு இதழ்கள்

தம்பி,

வெள்ளிக்கிழமை நீ கொழும்பில் விமானம் ஏறி மதுரையில் இறங்குவாய். ஒரு மணி நேரப் பயணம் என்கிறாய். நம் ஆட்கள் மேலூர்ப் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் இந்த மலைக்கு வந்து சேர எத்தனை நாளானது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஐந்து தலைமுறைக்குப் பிறகு நீ அதே பக்கம் திரும்பிப் போகிறாய், வேலை தேடி அல்ல, பழைய கல்வெட்டுகளைப் படிப்பதற்காக. இதில் எனக்குள்ள பெருமையை நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய், அதனால் எழுதுகிறேன். பெட்டி எடை தாண்டிவிட்டது, இனி ஒரு தேயிலைப் பாக்கெட்கூட வைக்க வேண்டாம் என்று நேற்று சொன்னாய். இந்தத் தாள்களைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

இது அம்மா உனக்கு எழுதும் கடிதம்தான். ஆனால் நான் முப்பது வருடம் பிரதேச நிருபராக இருந்த பத்திரிகைக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். நான் சொல்லப்போகும் தவறு அந்தப் பத்திரிகையின் அச்சில் வந்தது. அதை வீட்டுக்குள் உன்னிடம் மட்டும் சொல்லித் தீர்த்துவிட முடியாது. போன வருடம் நீ பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது நம் தோட்டத்தில் நடந்த "கல் பிரச்சினை" எப்படியோ முடிந்துவிட்டது என்று மட்டும்தான் உனக்குத் தெரியும். எப்படி முடிந்தது என்று நீ கேட்டாய். நான் இரண்டு முறை மழுப்பினேன்.

நீ பிறப்பதற்கு முந்திய வருடம். நோட்டன் பிரிட்ஜ் வீதியில் இறங்கி நம் தோட்டத்தின் கீழ் டிவிஷனுக்குக் குடிதண்ணீர்ப் பிரச்சினை பற்றி எழுதப் போயிருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒரு தேயிலைத் துண்டில் கவ்வாத்து நடந்துகொண்டிருந்தது. சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள் அல்லவா, அப்போது மட்டும்தான் அந்தத் துண்டின் தரை கண்ணுக்குத் தெரியும். அங்கே பாதி மண்ணுக்குள் புதைந்து ஒரு வட்டக் கல் கிடந்தது. பெரிய முறத்தின் அளவு. நடுவில் கைமுட்டி போகிற துளை. துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் கோடு கோடாக வெட்டியிருந்தது. மேலே பாசி. பாசியின் மேல் குங்குமம், உடைத்த தேங்காய், அணைந்த கற்பூரம். கவ்வாத்துக் கத்தி யார் காலிலும் விழக் கூடாது என்று அன்று காலை கும்பிட்டிருக்கிறார்கள்.

வெட்டிய குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் இது என்ன சாமி என்று கேட்டேன். அவள்தான் செல்வராணி. அப்போது அவளுக்கு இருபது வயது இருக்கும். "ரோதைமுனிங்கக்கா. பழைய பெக்டரி ரோதை இது மேலதான் சுத்துச்சாம், எங்கப்பா சொல்வாரு" என்றாள். ரோதை என்றால் அந்தக் காலத்தில் தண்ணீர் விழுந்து சுற்றிய பெரிய சக்கரம், அதுதான் தேயிலை அரைக்கும் இயந்திரங்களை ஓட்டியது. அதில் கை மாட்டிக்கொள்ளாமல் காக்கிற சாமி ரோதைமுனி. செல்வராணியின் அப்பா அந்தப் பெக்டரியில் வேலை செய்தவர். பெக்டரியை இடித்தபோது சாமியை விட்டுவர மனமில்லாமல் நாலு பேர் கல்லைத் தூக்கி வந்து இங்கே வைத்தார்களாம். அவள் சொன்னதை நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிவிட்டுப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

அதற்கு முந்திய வாரம் அடையாள அட்டை விஷயமாக மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குப் போயிருந்தேன். என் தாளைப் புரட்டிப் பார்த்த உத்தியோகத்தர், கெட்ட மனிதர் அல்ல, சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு ஊர் எது, இந்தியாவில் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். என் அம்மாவும் அம்மாவின் அம்மாவும் பிறந்தது கொட்டகலையில். அதைச் சொன்னேன். "அதற்கு முன்னே?" என்றார். அந்தக் கேள்வியோடுதான் நான் அந்தக் கல்லின் முன் நின்றேன். எனக்கு ஒரு "அதற்கு முன்னே" தேவைப்பட்டது. நூறு வருடத்துக் கல் என்னைப் பொறுத்தவரை அன்று ஒரு கல்லே இல்லை. டவுனுக்குப் போய் ஒரு பேராசிரியருக்குத் தொலைபேசி எடுத்தேன். வட்டமான தாமரை, பதினாறு இதழ் என்று சொன்னேன். நான் எண்ணவில்லை, தம்பி. மண்ணுக்கு மேலே தெரிந்த பாதியில் எட்டு இருக்கும் என்று மதித்து, அதை இரட்டித்துச் சொன்னேன். அவர், "அப்படியானால் சோழர் காலமாக இருக்க வாய்ப்புண்டு. நேரில் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது" என்றார். அடுத்த ஞாயிறு பத்திரிகையில் வந்த தலைப்பு: "தேயிலை மலைக்குள் சோழர் காலத் தாமரைக் கல்". "அப்படியானால்" போய்விட்டது. "நேரில் பார்க்காமல்" போய்விட்டது. செல்வராணி மொத்தமாகவே போய்விட்டாள்.

அந்தச் செய்திதான் உன்னை வளர்த்தது. ஐந்தாம் வகுப்பில் நீ பேச்சுப் போட்டியில் முழங்கினாயே, "ஆயிரம் வருடத்துக்கு முன்பே எங்கள் தாமரை பூத்த மலை" என்று, அதை எழுதித் தந்தவள் நான். கிண்ணத்தோடு வந்தாய். அதற்குப் பிறகு வரலாற்றுப் புத்தகத்தை நீ கீழே வைக்கவேயில்லை. அப்பா உன்னை உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கச் சொன்னபோது, அந்தக் கல்லைக் காட்டித்தான் நீ சண்டை போட்டாய். நான் உன் பக்கம் நின்றேன். அன்று உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. உன் கண்ணில் இருந்த வெளிச்சம் போய்விடுமே என்று விட்டுவிட்டேன். இப்போது யோசித்தால், அது உன்மேல் வைத்த அன்பு மட்டும் அல்ல. அந்தத் தலைப்பின் கீழ் என் பெயர் இருந்தது.

இனி போன வருடத்துக்கு வருகிறேன். வைகாசி மழையில் செல்வராணியின் லயத்துக்குப் பின்னால் மண்மேடு சரிந்தது. அவள் குடியிருந்த காம்பரா அறையின் பின்சுவர் மேலிருந்து கீழ்வரை வெடித்தது, விரல் உள்ளே போகும். வந்து பார்த்த அதிகாரிகள் இனி இந்த லயத்தில் யாரும் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இருபத்திரண்டு குடும்பமும் பிள்ளைக் காம்பராவில், கைக்குழந்தைகளுக்கு ஏணை கட்டுகிற அந்த ஒற்றை அறையிலும் அதன் விறாந்தையிலும், பாயை விரித்துக்கொண்டார்கள். ஒரு நல்ல காரியமும் நடந்தது. மேலே கல் கிடந்த அந்தப் பழைய தேயிலைத் துண்டை, செடி செத்துப்போய் சும்மா கிடந்த இடத்தை, தனி வீட்டுக்கு என்று ஒதுக்கினார்கள். குடும்பத்துக்கு ஏழு பேர்ச், ஒரு சிறு வீடு கட்டுகிற அளவு நிலம். நில அளவையாளர் வந்து முளை அடிக்க நாளும் குறித்தாயிற்று. நான்கு தலைமுறை லயத்தில் கிடந்த குடும்பத்துக்குத் தன் பேரில் ஒரு துண்டு நிலம் என்றால் என்ன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. கோயில் தலைவரை உனக்குத் தெரியும், நல்ல உழைப்பாளி, கொஞ்சம் சத்தம் போடுவார். விழா மலருக்குத் தலவரலாறு தேடியவர் கையில் என்னுடைய பழைய செய்தி கிடைத்தது. அதைப் பெரிதாக்கிப் பதாகை அடித்து வீதியில் கட்டினார்: "சோழர் கால ஆலயம் இருந்த புண்ணிய பூமி". யாரோ முகநூலில் போட்டார்கள். மூன்று நாளில் கல்லை ஒருமுறையும் பார்க்காதவர்கள் இரண்டு மொழியில் சண்டை போட்டார்கள். சக்கரம்தானே, இது தர்மச் சக்கரம், பழைய விகாரை இருந்த இடம் என்றார் ஒருவர். சைவக் கோயிலை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றார் இன்னொருவர். சமணருக்கும் சக்கரம் உண்டு என்று நடுவில் ஒருவர் சொன்னார், அவரை இரண்டு பக்கமும் திட்டினார்கள். அளவையாளர் வரவில்லை. தொல்பொருள் இருக்கிற இடமா என்று பார்த்துச் சொல்லும்வரை எதுவும் கட்ட முடியாது என்று கடிதம் வந்தது. அந்தச் சட்டத்தில் பிழையில்லை. பிழை அந்தச் செய்தியில் இருந்தது.

அந்த வாரம்தான் நீ பேராதனையிலிருந்து அழைத்தாய். முகநூலில் சுற்றிய கல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தாய். "அம்மா, இதழ் எட்டு, பதினாறு, இருபத்துநாலுன்னு வரும். படத்துல கணக்கு ஒத்து வரல. நீங்க எண்ணிப் பாத்தீங்களா?" என்றாய். எண்ணினேன் என்றேன். உனக்கு நான் சொன்ன பொய்களில் இதுதான் மிகச் சிறியது, மிக மோசமானதும் இதுதான். நீ "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். ஆசிரியர் பீடத்தில் இத்தனை வருடம் யாரும் கேட்காத கேள்வி அது.

நான் முதலில் செய்தது பயந்தவர்கள் செய்வது. புத்தகங்களுக்குள் ஒளிந்துகொண்டேன். இந்த மூன்று மதங்களைப் பற்றி நீ விட்டுப்போன புத்தகங்களையெல்லாம் எடுத்துப் படித்தேன், எங்காவது என் செய்திக்கு ஒரு சாட்சி கிடைக்காதா என்று. கிடைத்தது வேறு. நீ போகிற மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமணத் துறவிகளுக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்தவர்களில் உப்பு விற்றவரும் துணி விற்றவரும் கலப்பைக் கொழு விற்றவரும் இருந்திருக்கிறார்கள். தங்கள் பெயரையும் தொழிலையும் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தத் தீவில் அதே வகை எழுத்தில், மழைநீர் உள்ளே வழியாதபடி விளிம்பு வெட்டிய குகைகளைப் பௌத்தத் துறவிகளுக்குக் கொடுத்தவர்கள் தங்கள் பெயரை வெட்டி வைத்தார்கள். அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் கூடியிருந்த மேடையைப் பற்றிச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அந்த நகரம் எழும்பிய காலத்தில் சமணருக்கும் பிராமணருக்கும் பலவகைத் துறவிகளுக்கும் அரசன் இருப்பிடம் கட்டிக் கொடுத்தான் என்று பாளி நூல்களே சொல்கின்றன. பின்னால் வந்த ஓர் அரசன் அந்தச் சமணர் இருப்பிடத்தை இடித்துவிட்டு விகாரை கட்டினான் என்பதையும் அதே நூல்கள் மறைக்காமல் சொல்கின்றன.

இக்கரையிலும் அக்கரையிலும் மதங்கள் வேலி போட்டுக்கொண்டு நிற்கவில்லை, தம்பி. காஞ்சியிலும் காவிரிப்பூம்பட்டினத்திலும் நாகப்பட்டினத்திலும் பௌத்தம் தமிழ் பேசியது. சைவரான சோழர் நாகப்பட்டினத்து விகாரைக்கு ஊரை எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் இங்கே ஆண்ட காலத்தில் திருகோணமலைப் பக்கத்து ஒரு விகாரையில் விளக்கெரிக்கத் தானம் கொடுத்தவர்கள் அதைத் தமிழில் வெட்டி வைத்தார்கள். அன்பாக மட்டும் இருந்தார்கள் என்றும் நினைத்துவிடாதே. பக்திப் பாடல்கள் சமணரையும் பௌத்தரையும் ஏசுகின்றன. மதுரையில் சமணரைக் கழுவில் ஏற்றினார்கள் என்ற கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்களை நீ அங்கே சந்திப்பாய். அது நடந்ததா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். நடக்கவில்லையென்றாலும், நடந்ததாகச் சொல்லிக்கொள்ள ஒரு காலம் விரும்பியது என்பதே எழுதவேண்டிய செய்தி. சமணர் அழிந்துவிடவும் இல்லை. வந்தவாசிப் பக்கம் இன்றும் தமிழ்ச் சமணர் வயல் உழுகிறார்கள். சில ஊர்களில் புத்தர் சிலையும் தீர்த்தங்கரர் சிலையும் முனியாகி, தேங்காய் வாங்கிக்கொள்கின்றன.

இவ்வளவும் படித்த பிறகு எனக்குப் பெருமை வரவில்லை, வெட்கம் வந்தது. உப்பு விற்றவர் தன் பெயரோடு ஈராயிரம் வருடமாக நிற்கிறார். பெயர் சொல்லிப் பேசிய செல்வராணியை நான் இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு கேள்விக்குறியால் அழித்திருந்தேன்.

பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன். செல்வராணி விறாந்தையில் ஈரத் துணியை உலர்த்த இடமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் மகள் அந்தச் சந்தடியில் சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். நான் என்ன பேசுவது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, நீங்க ஆயிரம் வருசத்துக்கு எழுதிட்டீங்க. எங்களுக்கு ஏழு பேர்ச் போதுங்க" என்றாள். கோபமே இல்லை குரலில். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எனக்கு இருக்கிற கெட்ட பழக்கம் என்று நீ சொல்வாயே, பழைய குறிப்புப் புத்தகங்களைத் தூக்கிப்போடாமல் ட்ரங்குப் பெட்டியில் அடைத்து வைப்பது, அது அன்று உதவியது. அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தேன். "ரோதைமுனி என்கிறார்கள். பழைய பெக்டரிக் கல்?" அடுத்த நாள் காலை செல்வராணியும் நானும் ஒரு மண்வெட்டியும் தேங்காய்த் தும்பும் எடுத்துக்கொண்டு மேலே போனோம். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள், பிறகு மண்ணை விலக்கினாள். நான் பாசியைத் தேய்த்தேன். எண்ணினோம். நான் ஒரு பக்கமிருந்து எண்ணினேன், அவள் மறுபக்கமிருந்து எண்ணினாள். பதினொன்று. தாமரைக்கும் ஆகாது, தர்மச் சக்கரத்துக்கும் ஆகாது. துளைக்குள் விரலை விட்டு எடுத்தால் செம்பழுப்பாக இரும்புத் துரு. கோடுகள் ஒவ்வொன்றும் வெளிப்பக்கம் சரிந்து போயின, தண்ணீரும் எண்ணெயும் வடிந்து ஓட. இதழுக்குச் சரிவு எதற்கு?

நில அளவைக்குப் பதிலாக அந்தக் கல்லடிக்கு வந்தது ஒரு கூட்டம். தொல்பொருள் அலுவலர், ஓர் இளம் சிங்களப் பெண், அளவு நாடாவும் தூரிகையும் கொண்டுவந்திருந்தார். கீழ்க் கிராமத்து விகாரையின் வயதான பிக்கு, எல்லாரும் ஹாமுதுரு என்று அழைப்பவர், குடை பிடித்துக்கொண்டு ஏறி வந்திருந்தார். அவரைக் கூட்டிவந்தவர்கள் அவர் பின்னால் நின்றார்கள். இந்தப் பக்கம் கோயில் தலைவரும் அவருடைய ஆட்களும். லயத்து ஆட்கள் தூரத்தில், இது தங்கள் விஷயமே இல்லை என்பதுபோல. அலுவலர் குனியும் முன்பே நான் பேசினேன். முதலில் தமிழில், பிறகு எனக்குத் தெரிந்த சிங்களத்தில். இது பழைய பெக்டரியின் ரோதைக்கு அடியில் இருந்த கல். அதைச் செல்வராணி அன்றே என்னிடம் சொன்னாள், நான் குறித்துக்கொண்டு மறைத்தேன். இதழைப் பதினாறு என்று எண்ணாமல் எழுதினேன். பேராசிரியர் சொன்னதில் பாதியை வெட்டினேன். இதோ புத்தகம். வாசித்துக் காட்டினேன். முப்பது வருடத் தொழிலில் நான் வாசித்த மிகச் சின்னச் செய்தி அதுதான்.

தலைவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நம்ம பெருமைய நாமளே கெடுத்துக்கணுமா? கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம்லங்க" என்றார். அவருக்குப் பதில் சொன்னது நான் அல்ல. தூரத்தில் நின்ற செல்வராணி முன்னால் வந்து, "மாமா, அந்த ரோதையில விரல விட்டவரு எங்கப்பா. அது ஒங்களுக்குப் பெருமையாத் தெரியலயா?" என்று கேட்டாள். செல்வராணியின் அப்பாவுக்கு வலக்கையில் மூன்று விரல்தான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். பதாகை அடித்தபோது யாருக்கும் அது நினைவில் வரவில்லை, எனக்கும்தான்.

அலுவலர் எதற்கும் அவசரப்படவில்லை. அளந்தார், துருவைச் சுரண்டிச் சிறு பையில் போட்டார், கோடுகளை இரண்டு முறை எண்ணினார், குறிப்புப் புத்தகத்தைப் படம் எடுத்துக்கொண்டார். சுற்றியுள்ள மண்ணில் வேறு எதுவும் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னும் இரண்டு நாள் வந்து பார்த்தார். முதல் நாள் எண்ணி முடித்ததும் ஹாமுதுருவிடம் பதினொன்று என்றார். அவர் குடையைச் சாய்த்துக் கல்லைப் பார்த்துவிட்டு, "இது தர்மச் சக்கரம் என்றால் செதுக்கினவனுக்குக் கணக்குத் தெரியாது" என்றார் சிங்களத்தில். முதலில் சிரித்தது அவர் பின்னால் நின்றவர்கள்தான். பிறகு ஹாமுதுரு லயத்து ஆட்களைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் விறாந்தையில் படுக்கிறார்கள் என்று கேட்டார். அன்று பிற்பகல் விகாரையிலிருந்து பாயும் பால்மா பைகளும் வந்தன. நாலு வாரம் கழித்து அறிக்கை வந்தது, தொல்பொருள் இல்லை என்று. முளை அடித்தார்கள்.

உன் வேலைக்கு இதிலிருந்து நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உன் பேராசிரியர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். குன்றேறிப் போகும்போது, அங்கே ஆடு மேய்க்கிறவரோ விளக்குப் போடுகிறவரோ ஒரு சமணச் சிற்பத்தை முனி என்றால் சிரிக்காதே, திருத்தவும் அவசரப்படாதே. அவர் சொன்னதையும் நீ கண்டதையும் அடுத்தடுத்து எழுது. உனக்குச் சந்தேகம் வந்தால் அந்தச் சந்தேகத்தையும் அச்சுக்குக் கொண்டுபோ. நமக்கு வேண்டியதைச் சொல்கிற கல்லை இரண்டு முறை எண்ணு, வேண்டாததைச் சொல்கிற கல்லையும் அதே போல. இந்துவா, பௌத்தமா, சமணமா என்று யாராவது அவசரமாகக் கேட்டால், அந்த அவசரம் எதற்கு என்று முதலில் பார். பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு நிலம் இருக்கும், அந்த நிலத்தில் யாரோ பாய் விரித்துப் படுத்திருப்பார்கள்.

நீ ஒரு பொய்யிலிருந்து வரலாற்றுக்கு வந்துவிட்டாயே என்று பல நாள் வருந்தினேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்தக் கிண்ணம் வாங்கிய பேச்சு என்னுடையது. "எண்ணிப் பாத்தீங்களா" என்ற கேள்வி உன்னுடையது. அதை யாரும் உனக்கு எழுதித் தரவில்லை. கச்சேரியில் என்னைக் கேட்ட அந்த "அதற்கு முன்னே" என்ற கேள்வி உன்னையும் ஒருநாள் யாராவது கேட்பார்கள், இங்கேயும் கேட்கலாம், அங்கேயும் கேட்கலாம். அப்போது ஆயிரம் வருடம் கடன் வாங்காதே. கொட்டகலை என்று சொல். நூற்றைம்பது வருடம் என்று சொல். அது குறைவானது அல்ல, அதில் ஒவ்வொரு நாளும் நம் ஆட்கள் வேலை செய்த நாள்.

மதுரையில் வெயில் உனக்குப் பழக ஒரு மாதமாகும். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. அப்பாவிடம் வாரம் ஒருமுறையாவது பேசு. கணிதம் படிக்கவில்லை என்ற குறையை அவர் எப்போதோ மறந்துவிட்டார், மறக்காததுபோல நடிக்கிறார்.

போன ஞாயிறு நீ விசா விஷயமாகக் கொழும்பில் இருந்தபோது செல்வராணியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவர் எழும்பிக் கூரைக்குக் காத்திருக்கிறது. வாசற்படிக்கு அன்றுதான் சீமெந்து பூசியிருந்தார்கள், ஈரம் காயவில்லை. மேசன் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். செல்வராணி ஒரு நீள ஆணியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"எழுதுங்கக்கா. நாளைக்கு எவனாச்சும் வந்து இது சோழன் கட்டுனதுன்னு சொல்லிறக் கூடாதுல்ல. ஆனா நான் சொல்றத மட்டும் எழுதுங்க."

மேசன் சிரித்தார். நான் படியின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். அவள் பெயர், புருஷன் பெயர், மகளின் பெயர், அன்றைய தேதி. கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரி சொன்னாள்: இதுக்கு முன்னாடி இங்க தேயிலைதான் இருந்துச்சு. அதையும் எழுதினேன். வாசித்துக் காட்டச் சொன்னாள். முழுவதும் வாசித்தேன். மகளைக் கூப்பிட்டு அவளையும் ஒருமுறை வாசிக்கச் சொன்னாள். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தபின் ஆணியை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"சரிங்கக்கா" என்றாள். "இனி காயட்டும்."

உன் அம்மா